பாட்டியைக் குளிப்பாட்டுவது ஊழியம் ஆகுமா?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது. வாசகர் கேட்டுக்கொண்டபடி பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 43 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பாட்டி ஒருவரை அவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவேன். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். பாட்டிக்குப் பேச்சு கொஞ்சம் குழறும். நினைவு தெளிவாக இருக்கிறது. இந்துக் குடும்பம். வேலைக்குச் சேரும்போதே மகன், "மதப் பேச்சு மட்டும் இங்கே வேண்டாம்" என்றார். நானும் சரி என்று ஒத்துக்கொண்டேன்.

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், எத்தனை ஆத்துமாக்களை ஆதாயம் பண்ணினோம், அதாவது எத்தனை பேரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்தோம் என்று மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு மாதமும் "ஒன்றும் இல்லை" என்று சொல்லி உட்காருகிறேன். சனிக்கிழமை கிராம ஊழியத்துக்கும் வேலையால் போக முடிவதில்லை. சபை விருந்தான அசனத்தன்று அண்டா கழுவுவதும், முடிந்தபோது எங்கள் சபைக் கோயிலைக் கூட்டுவதும்தான் என்னால் ஆனது. "வாயைத் திறக்காதவள் கர்த்தரை மறுதலிக்கிறவள்" என்று சங்கத் தலைவி சொன்னது நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

போன மாதம் ஒருநாள் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கும்பிடுற சாமிகிட்ட எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லு தாயி" என்றார்கள். மருமகள் அடுத்த அறையில் இருந்தார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், "சரிம்மா, தூங்குங்க" என்று பேச்சை மாற்றிவிட்டேன். பேதுருவைப்போல நானும் மறுதலித்துவிட்டேனோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை. இப்போது மருமகள் வீட்டார் எல்லோருடைய துணியையும் துவைக்கச் சொல்கிறார். கிறிஸ்தவள் தாழ்மையாக இருக்க வேண்டுமே என்று செய்கிறேன். ஆராதனைக்கு மாதம் ஒருதடவைதான் போக முடிகிறது. வேலையை விட்டுவிட்டு வேதாகமப் பள்ளியில் சேர்ந்து முழுநேர ஊழியத்துக்குப் போய்விடலாமா? மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கணவருக்கு நிரந்தர வேலை இல்லை. நான் செய்வது ஊழியமா, வெறும் கூலி வேலையா?

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கர்த்தரை மறுதலிக்கவில்லை. பேதுருவிடம் "நீயும் இயேசுவோடே இருந்தாய்" என்று நேருக்கு நேர் சொன்னார்கள். அவர் "அந்த மனுஷனை நான் அறியேன்" என்று ஆணையிட்டார். நீங்கள் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் கிறிஸ்தவள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கேட்டார்கள். அந்த நேரத்தில் பயந்தீர்கள், அவ்வளவுதான். பயந்தவர்களைக் கர்த்தர் எப்படி நடத்தினார் என்பதற்கு வேதம் முழுக்கச் சாட்சி இருக்கிறது. இன்று இரவு தூங்குங்கள்.

ஆனால் பாட்டிக்கு நீங்கள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன்.

நீங்கள் செய்வது ஊழியமா, கூலி வேலையா என்று கேட்டீர்கள். இரண்டும்தான். கூலி வாங்குவதால் அது ஊழியம் இல்லாமல் போகாது. பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். இரவும் பகலும் வேலைசெய்துகொண்டே சுவிசேஷத்தைப் பிரசங்கித்தோம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். தோல் தைத்த நேரத்தைக் கர்த்தர் ஒரு கணக்கிலும் பிரசங்கித்த நேரத்தை வேறொரு கணக்கிலும் எழுதினார் என்று நான் நம்பவில்லை.

நம் சபைகளில் மைக்குக்கு முன்னால் நிற்பதை மேலாகவும் பின்னால் பாத்திரம் கழுவுவதைக் கீழாகவும் வைக்கும் பழக்கம் இருக்கிறது. அதற்கு ஆதாரமாக அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். "நாங்கள் தேவவசனத்தைப் போதியாமல், பந்திவிசாரணை செய்வது தகுதியல்ல" என்று பன்னிருவரும் சொன்னது உண்மை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு அது. ஆனால் அடுத்த வசனத்தையும் படிக்க வேண்டும். எருசலேமில் கிரேக்கு மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியாகப் போய்ச்சேரவில்லை. அந்தச் சாப்பாட்டைப் பரிமாற ஆள் தேடியபோது, சும்மா இருக்கிறவர்களைப் பிடித்து நிறுத்தவில்லை. பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுத்து, கைகளை வைத்து ஜெபம்பண்ணி அனுப்பினார்கள். சாப்பாட்டுப் பந்திக்கு அவ்வளவு தகுதி கேட்டது ஆதித் திருச்சபை.

அந்த ஏழு பேரில் இரண்டாவது பெயர் பிலிப்பு. பிறகு சமாரியாவில் கிறிஸ்துவை அறிவித்தவரும், வனாந்தரச் சாலையில் எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தோடு ஓடிப்போய், "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா?" என்று கேட்டவரும் அவர்தான். 21-ஆம் அதிகாரத்தில் பவுல் அவர் வீட்டில் தங்கும்போது லூக்கா அவரைச் "சுவிசேஷகன்" என்கிறார். அதே வசனத்திலேயே "ஏழுபேரில் ஒருவன்" என்றும் குறிப்பிடுகிறார். பந்தியில் பரிமாறியதை யாரும் மறைக்கவில்லை. விதவைகளின் குறையைக் கேட்டுப் பழகிய காதுதான் அந்த மந்திரியின் கேள்வியையும் கேட்டது என்று எனக்குத் தோன்றும்.

உங்கள் மனப்போராட்டம் நம் திருநெல்வேலிச் சீமைக்குப் புதியதல்ல. அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் இங்கே ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லும் வேலையைத்தான் முதலில் செய்தார். மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும், நம் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார். பொன்னம்மாள் என்ற இளம் விதவை அந்தக் குழுவில் ஒருவர். 1901-ல், இந்துக் கோயிலுக்கு ஒப்புக்கொடுக்கப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். பின்னால் இன்னும் பல குழந்தைகள் வந்தார்கள், கைக்குழந்தைகளும் வந்தன. களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூரில் பால் காய்ச்சுவதும், துணி அலசுவதும், வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைகளோடு இரவெல்லாம் விழித்திருப்பதுமாக வாழ்க்கை மாறியது. நெய்யூர் மருத்துவமனைக்கு அருகில் கைக்குழந்தைகளுக்கென்று தனி இல்லம் வைத்தபோது அதன் பொறுப்பைப் பொன்னம்மாள் ஏற்றார்.

அப்போது ஏமி அம்மையாருக்கும் உங்கள் கேள்வியே வந்தது. பிள்ளை தாயின் காலைக் கட்டிவிடும் என்று நம் மக்கள் சொல்வதை அவர் எழுதிவைத்திருக்கிறார். போகாத கிராமங்கள் எத்தனையோ கிடக்க, பேச வாயும் பலமும் இருக்க, ஆயாவைப்போல இந்தத் தொட்டில்களோடு கட்டுண்டு கிடப்பது சரியா என்று அவர் தவித்தார். அந்தத் தவிப்பைத் தீர்த்தது யோவான் 13. மகிமையின் கர்த்தர் போஜனத்தை விட்டெழுந்து, ஒரு சீலையை எடுத்து அரையிலே கட்டிக்கொண்டு, மீன் பிடிக்கிறவர்களின் கால் அழுக்கைக் கழுவினார். அதை நினைத்த பிறகு அந்தக் கேள்வி தமக்கு மறுபடி எழவில்லை என்கிறார் அம்மையார்.

இதில் நான் மதிப்பது, அவர் எந்தக் காரணமும் கற்பிக்காததுதான். "இந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆயிரம் பேருக்குச் சுவிசேஷம் சொல்வார்கள், ஆகவே இது பயனுள்ள வேலை" என்று கணக்குப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்ளவில்லை. பிள்ளைக்குத் துணி மாற்ற வேண்டியிருந்தது, மாற்றினார். கர்த்தர் கால் கழுவினார், அது போதும் என்று இருந்தார். 1931-ல் விழுந்து அடிபட்டபின், 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். அந்த ஆண்டுகளில் அவரைத் தூக்கிப் படுக்கவைத்தவர்கள் உண்டல்லவா? அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. உங்கள் வேலையைத்தான் அவர்கள் செய்தார்கள்.

இனி எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். "பாட்டிக்கு நான் இவ்வளவு செய்கிறேன், ஒருநாள் இதைப் பார்த்து அவர்கள் இயேசுவை ஏற்றுக்கொள்வார்கள்" என்ற எண்ணம் உங்களுக்கு வரலாம். சங்கத்தில் கணக்குக் கேட்கும்போது அந்த எண்ணம் இன்னும் பலமாக வரும். நல்ல எண்ணம்போலத்தான் தெரியும். ஆனால் அது உள்ளே புகுந்தால் கஞ்சி ஊட்டுவது தூண்டிலில் இரை மாட்டுவதுபோல் ஆகிவிடும். இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கினார். ஒருவன்தான் திரும்பிவந்தான். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று கேட்டது உண்மை, அந்தக் கேள்வியில் வருத்தம் இருக்கிறது. ஆனால் ஒன்பது பேருக்கும் கொடுத்த சுகத்தை அவர் திரும்பப் பெறவில்லை. பாட்டி கடைசிவரை தம் சாமியையே கும்பிட்டாலும், நாளைக்கு உங்களைப் பிடிக்காமல் போய்த் திட்டினாலும், முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கும் கை அதே பக்குவத்தோடு இருக்க வேண்டும். அப்படி இருக்குமென்றால் அது ஊழியம்தான். சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்றும் யோசியுங்கள். உங்களிடம் சுவிசேஷக் கைப்பிரதி வாங்குகிற ஒருவர் பிடிக்காவிட்டால் நடந்து போய்விடலாம். பாட்டியால் எழுந்து போக முடியாது. தண்ணீருக்கும், சாப்பாட்டுக்கும், மானத்தை மறைக்கும் துணிக்கும் அவர்கள் உங்களைத்தான் நம்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் நாமாகப் பேச்சைத் தொடங்கினால், மறுத்துச் சொல்ல அவருக்குத் தைரியம் இருக்குமா? மகன் போட்ட நிபந்தனையில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. மதத்தை அறிக்கையிடவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு நமக்கு உரிமை தருகிறது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொன்னது. அதைத் தாண்டி, எழுந்து போக முடியாதவரின் படுக்கைக்குப் பக்கத்தில் சட்டம் சொல்வதைவிட அதிகமான மரியாதையை நாம் கடைப்பிடிக்க வேண்டும் என்பேன். நீங்களாகத் தொடங்காதீர்கள்.

ஆனால் பாட்டியே கேட்டுவிட்டார்கள். அதனால் நிலைமை மாறிவிட்டது.

"உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று பேதுரு எழுதுகிறார். மறுதலித்து, அழுது, மறுபடி நிறுத்தப்பட்ட அதே பேதுரு. கேட்கிறவருக்குப் பதில், அதுவும் சாந்தத்தோடு. உங்கள் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் எனக்குத் தெரியவில்லை.

சீரியாவின் படைத்தலைவன் நாகமான் வீட்டில் வேலைசெய்த இஸ்ரவேல் சிறுபெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவள். எஜமானுக்குக் குஷ்டம். அவள் எஜமானியிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "என் ஆண்டவன் சமாரியாவிலிருக்கிற தீர்க்கதரிசியினிடத்தில் போவாரானால் நலமாயிருக்கும், அவர் இவருடைய குஷ்டரோகத்தை நீக்கிவிடுவார்." பிரசங்கம் செய்யவில்லை, சீரியரின் தெய்வத்தை இழித்துப் பேசவும் இல்லை. எஜமானின் நலத்தை நினைத்தாள், தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அதற்குமேல் அவளைப் பற்றி வேதத்தில் ஒரு வரியும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மகனிடம் பேசுங்கள். அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதை ஒளித்து மீறினால், பாட்டியின் காதில் நீங்கள் சொல்லும் ஜெபம் மருமகளின் காதில் துரோகமாக விழும். மருமகள் வழியாக அவருக்குப் போவதைவிட நீங்களே சொல்வது நல்லது. இப்படிச் சொல்லலாம்: "அண்ணாச்சி, சேரும்போது நீங்க சொன்னத நான் மறக்கல. நானா எதுவும் பேசினதில்ல. அன்னைக்கு அம்மாவே எனக்காக வேண்டிக்கோன்னு கேட்டாங்க. உங்களுக்குத் தெரியாம எதுவும் செய்ய எனக்கு மனசில்ல. அம்மா கேட்டா பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு நிமிஷம் ஜெபம் பண்ணலாமா?"

பெரும்பாலான வீடுகளில் இதற்குச் சரி என்றுதான் பதில் வரும் என்பது என் அனுபவம். படுக்கையில் கிடக்கும் தாய்க்காக யார் வேண்டிக்கொண்டாலும் நம் ஊர்ப் பிள்ளைகள் கைகூப்புவார்கள். ஒருவேளை அவர் வேண்டாம் என்றால் அதற்குக் கீழ்ப்படியுங்கள். அப்போதும் பாட்டியிடம் மழுப்ப வேண்டாம்: "அம்மா, நீங்க கேட்டத நான் மறக்கல. தினமும் எங்க வீட்ல முழங்கால்ல நின்னு உங்க பேரச் சொல்லி ஜெபிக்கிறேன்." சொன்னபடி ஜெபியுங்கள். அவ்வளவு சொல்வது நிபந்தனையை மீறுவது ஆகாது. அவர்கள் கேட்டதற்கு உண்மையான பதில், அவ்வளவே.

சரி என்றால், ஜெபம் சின்னதாக இருக்கட்டும். பாட்டிக்குப் புரிகிற பேச்சில் இருக்கட்டும். "ஆண்டவரே, இந்த அம்மாவை உமக்கு நல்லாத் தெரியும். இவங்க வலியும் பயமும் உமக்குத் தெரியும். இன்னைக்கு ராத்திரி நல்ல தூக்கம் குடுங்க. இவங்க பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஆசீர்வதியுங்க. இயேசுவின் நாமத்துல கேட்கிறோம். ஆமென்." ஜெபத்துக்குள் போதனையை நுழைக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு பாட்டிக்குப் பிரசங்கம் செய்வது கர்த்தரோடு பேசுவதாகாது. பிறகு எப்போதாவது, "உன் சாமி யாரு?" என்று அவர்களே கேட்டால், "வலின்னா என்னன்னு சிலுவையில அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவரு. செத்து உயிரோட எழுந்தவரு. நான் அவரத்தான் நம்பியிருக்கேன்" என்று சொல்லுங்கள். மேலும் கேட்டால் மேலும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கஞ்சி ஆறுவதற்குள் ஊட்டுங்கள்.

அதற்காக, வாய்ச்சொல்லே தேவையில்லை, நம் நடத்தையே போதும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை நான் ஏற்கவில்லை. "பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" என்ற ரோமர் 10-ஐ யாரும் அழித்துவிட முடியாது. உங்கள் சங்கத் தலைவி அந்தப் பாரத்தோடு பேசுகிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். நம் மண்ணில் அந்தப் பாரத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வே. ச. அசரியா, 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் முக்கியமானவர். நம் கிராமத்து ஜனங்கள் கொடுத்த காணிக்கையில் தெலுங்குச் சீமையின் தோர்ணக்கலுக்கு மிஷனரிகள் போனார்கள். 1912-ல் அவர் அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர். புதிதாகச் சபையில் சேருகிறவர்களைத் தம் தலையில் தாங்களே கையை வைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்லவைத்தவர்.

அப்படிச் சொல்லவைக்கப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத, நிலமில்லாத, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா சாதிக் கூலிக்காரர்கள். அவர்களால் மேடையேற முடியாது. அந்த ஊர்களின் மற்றச் சாதியினர் பிற்பாடு சபைக்கு வந்தபோது காரணமாகச் சொன்னது, இந்த ஏழைகளின் வாழ்க்கையில் கண்ட மாற்றத்தைத்தான். வாயும் வாழ்க்கையும் ஒன்றாகப் போயின. ஆனால் நம் கூட்டங்களில் வாயை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலும் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்ளும்போது கோணல் வந்துவிடுகிறது.

அதே அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து நின்று, எங்கள் ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்ற கருத்தில் பேசினார். மேலே நின்று கீழே கொடுக்கிற கையைக் கண்டு நொந்த மனதிலிருந்து வந்த பேச்சு அது. பாட்டி "தாயி" என்று உங்களை அழைத்து, தமக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்களே, அந்த உறவைத்தான் அசரியா கேட்டார் என்று நினைக்கிறேன். நீங்கள் அதைக் கொடுத்திருக்கிறீர்கள்.

மாதக் கூட்டத்தில் என்ன செய்வது? எழுந்து "ஒன்றும் இல்லை" என்று சொல்லாதீர்கள், அது உண்மையும் அல்ல. "என் பராமரிப்பில் இருக்கிற ஒரு நோயாளிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லி அமருங்கள். பெயரோ, வீட்டு விவரமோ, பாட்டி கேட்டதோ எதுவும் வேண்டாம். "என்ன சாட்சி, விவரமாகச் சொல்லுங்கள்" என்று வற்புறுத்துவார்கள். பாட்டியோடு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னாலும் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். படுக்கையில் கிடக்கிற ஒருவர் தனிமையில் பயந்து கேட்ட ஒரு விண்ணப்பம் நம் கூட்டத்துக்குச் செய்தியாகக் கூடாது. தலைவியைத் தனியே பார்த்து, அந்த வார்த்தை உங்களை எவ்வளவு காயப்படுத்தியது என்று சொல்லுங்கள். அவர் பெரும்பாலும் உணராமல் பேசியிருப்பார். எண்ணிக்கை கேட்கும் வழக்கத்தைப் பற்றி ஆயரிடம் பேச வேண்டியது உங்கள் வேலை அல்ல. ஆனால் இதை வாசிக்கும் ஆயர்களும் சங்கத் தலைவிகளும் தயவுசெய்து அந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை வெயிலில் கிராமம் கிராமமாக நடக்கும் சகோதரிகள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர்களையும் அந்த எண்ணிக்கை வாட்டத்தான் செய்கிறது.

அடுத்து, துணி துவைக்கும் விஷயம். உங்கள் கடிதத்தில் இதை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை தந்தது. யோவான் 13-ல் கால் கழுவுவதற்கு முந்திய வசனத்தைப் பாருங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்ததையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும், தேவனிடத்திற்குப் போகிறதையும் அறிந்துதான் இயேசு எழுந்து சீலையைக் கட்டினார். தாம் யார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். அவரை யாரும் குனியவைக்கவில்லை, அவராகக் குனிந்தார். நீங்கள் குடும்பத்துத் துணியைத் துவைப்பது அப்படியா? வேண்டாம் என்று சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்துவிட்டு, அதற்குத் தாழ்மை என்று பெயர் வைக்கிறீர்கள். கிறிஸ்தவப் பெண் எதையும் பொறுத்துக்கொள்வாள் என்று மருமகள் நினைக்கப் பழகினால், உங்கள் சாட்சிக்கு அது நன்மை செய்யாது.

அதோடு, பதின்மூன்று மணி நேரம் ஒரு நோயாளியைத் தூக்கித் திருப்புகிறவருக்கு முதுகும் இடுப்பும் தாங்க வேண்டும். நீங்கள் துணி துவைக்கிற நேரத்தில் பாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது தள்ளிப்போனால் படுக்கைப்புண் வரும். இதையே காரணமாகச் சொல்லுங்கள்: "அம்மாவப் பாக்குறதுல குறை வந்துடும்னு பயமா இருக்கு. அம்மா துணிய நான் துவைக்கிறேன். மத்ததுக்கு வேற ஆள் பாத்துக்கோங்க, இல்லன்னா சம்பளத்தப் பேசிக்கலாம்." வாரம் ஒருநாள் லீவும் கேளுங்கள். ஞாயிறு முழுவதும் முடியாவிட்டால் காலை பன்னிரண்டு மணிவரையாவது கேளுங்கள். அந்த நேரத்துக்கு மகனோ மருமகளோ பாட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும். அவர்கள் தாய்தானே. "வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்" என்று சொன்னவர் நம் ஆண்டவர். நியாயமான கூலி கேட்பதில் கூச்சம் வேண்டாம். மகனிடம் ஜெபத்தைப் பற்றிப் பேசும் அதே நாளில் இதைப் பேசாதீர்கள். இரண்டையும் கலந்தால், ஒன்றுக்காக மற்றொன்று என்று அவர் எடுத்துக்கொள்வார். ஒரு வாரம் கழித்துப் பேசுங்கள்.

வேதாகமப் பள்ளி இப்போது வேண்டாம். முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு வருவதை நான் மறுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் நீங்கள் எழுதியதில் அழைப்பைவிட அவமானத்திலிருந்து தப்பும் ஆசைதான் எனக்குத் தெரிகிறது. கூட்டத்தில் எழுந்து நிற்கும்போது சொல்ல ஒரு எண் வேண்டும் என்பதற்காக, பிளஸ் டூ படிக்கிற பிள்ளையின் கட்டணத்தைத் தியாகம் பண்ண வேண்டாம். மகள் படிப்பு முடிந்த பிறகும் அந்த ஆசை நின்றால், யாரும் உங்களைக் குத்திப் பேசாத நாளிலும் அது நின்றால், அப்போது உங்கள் ஆயரிடமும் கணவரிடமும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை அஞ்சல் வழி வேதபாடம் படிக்கலாம். பாட்டி தூங்கும் மதிய நேரம் அதற்குப் போதும்.

மகனிடம் பேசுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே பேசிவிடுங்கள். பாட்டி கேட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது.

கர்த்தருக்குள் உங்கள் அன்பு சகோதரன்,
ஆயர்